24 மணி நேர ஓட்டமும் எங்கள் உடம்பும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதார தின நிகழ்வில், இங்கிலாந்தில் இயன்மருத்துவராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மண்டபத்து மேடையில் நான் கடைசியாக நின்றது ஒன்பதாம் வகுப்பில், பேச்சுப் போட்டிக்காக. மூன்றாவது நிமிடத்தில் எல்லாம் மறந்துபோய், "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். இன்று அப்படி ஓட முடியாதபடி எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

"உங்கட வேலையைப் பற்றிப் பேசுங்கோ அக்கா" என்றுதான் செயலாளர் கேட்டார். என் வேலை இயன்மருத்துவம். வருடத்தின் பெரும்பகுதி ஓர் அரசாங்க வைத்தியசாலையில் முழங்கால் மாற்றியவர்களையும் பாரிசவாதம் கண்டவர்களையும் நடக்கப் பழக்குவேன். ஆனால் கடந்த பல கோடைகாலங்களில் என் விடுமுறையை ஒரு காரோட்டப் போட்டி அணியோடு கழித்திருக்கிறேன். இதை முதன்முதலில் தொலைபேசியில் சொன்னபோது என் அம்மா கேட்டார்: "கார் ஓடுறவைக்கு என்ன பிள்ளை நோகும்? இருந்துகொண்டுதானே ஓடினம்?"

அம்மாவின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு. பதில் சொல்லப்போனால், அது கார் ஓட்டுபவர்களோடு மட்டும் நிற்காமல் எங்களிடமும் வந்து சேரும்.

பிரான்சில் பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தொலைவில் லு மான் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே வழக்கமாக ஜூன் மாதத்தில் 24 மணி நேரக் காரோட்டப் போட்டி நடக்கும். முதற் போட்டி 1923இல் நடந்தது. 2023இல் நூற்றாண்டு கொண்டாடினார்கள். எங்கள் கல்லூரிக்கும் அந்தப் போட்டிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பாதையின் ஒரு சுற்று 13.6 கிலோமீற்றர். அதில் ஒரு பகுதி, மற்ற நாட்களில் பாண் வாங்கப் போகிறவர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர்களும் ஓடுகின்ற சாதாரண வீதி. சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குத்தான் முடியும். அதற்குள் அதிக தூரம் ஓடிய கார் வெற்றி பெறும். 2023இல் வென்ற கார் 342 சுற்றுகள் ஓடியது. அது 4,600 கிலோமீற்றருக்கு மேல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திர முனை வரை இலங்கையின் முழு நீளத்தையும் பத்துத் தடவைக்கு மேல் ஓடியதற்குச் சமம்.

ஒரு காருக்கு மூன்று சாரதிகள். அவர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். முதலில் அந்தச் சாரதியின் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வேகமாக ஒரு வளைவு எடுக்கும்போது உடம்பு வெளிப்பக்கமாக இழுபடும். பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பவர்களுக்கு இது தெரியும். மனிதனின் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. தலைக்கவசத்தோடு ஆறரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் இழுப்பு புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கானால், கழுத்து பக்கவாட்டில் இருபது கிலோவைத் தாங்க வேண்டும். போர்முலா வன் போட்டியில் இந்த இழுப்பு ஐந்து மடங்கையும் தொடும். அப்போது முப்பது கிலோவுக்கு மேல். அதுவும் ஒரு தடவை அல்ல, சுற்றுக்குச் சுற்று. போர்முலா வன் காரில் கடுமையாக பிரேக் பிடிக்க 100 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தைக் காலால் கொடுக்க வேண்டும். இதயம் நிமிடத்துக்கு 150, 160 தடவை துடித்தபடியே மணிக்கணக்கில் இருக்கும். இருந்துகொண்டே மரதன் ஓடுவது போன்றது அது.

அடுத்தது வெப்பம். சாரதி அணிவது தீப்பற்றாத நீண்ட உள்ளாடை, அதன்மேல் பல மடிப்புள்ள மேலுடை, முகமூடி, கையுறை, தலைக்கவசம். உடம்பு சூட்டை வெளியேற்ற வழி வியர்வைதான். அந்த வியர்வை காய்வதற்கோ இடமில்லை. 2023 ஒக்டோபரில் கட்டாரில் நடந்த போர்முலா வன் போட்டியை உங்களில் சிலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரவில் நடந்த போட்டிதான். ஒரு சாரதி போட்டியை இடையில் கைவிட்டார். இன்னொருவர் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தியெடுத்தார். வேறொருவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தனக்கு மயக்கம் வந்துவந்து போனதாகச் சொன்னார். இவர்கள் உலகிலேயே நன்றாகப் பயிற்றப்பட்ட உடம்புக்காரர். அதன் பிறகுதான், கடும் வெப்பம் எதிர்பார்க்கப்படும் நாட்களில் சாரதியின் உடம்பைக் குளிர்த்தும் உடைக்கு விதிகளில் இடம் வந்தது.

நிறைக் கட்டுப்பாடும் ஒரு பிரச்சினை. காரும் சாரதியும் சேர்ந்து இவ்வளவு நிறை என்று கணக்குப் பார்த்த காலத்தில், மெலிந்த சாரதி அணிக்கு இலாபம். அதனால் பலர் பட்டினி கிடந்தார்கள். பின்லாந்துச் சாரதி வல்ற்றேரி பொத்தாஸ், 2014இல் தனக்கு உண்ணும் கோளாறு இருந்ததைப் பின்னர் பகிரங்கமாகவே சொன்னார். 2019இல் போர்முலா வன் விதியை மாற்றி, சாரதிக்கும் இருக்கைக்கும் சேர்த்து ஆகக் குறைந்தது 80 கிலோ என்று தனியாக வைத்தார்கள். சாரதி மெலிந்தால் குறைந்த நிறைக்குப் பாரம் வைக்க வேண்டும். பட்டினியால் இலாபம் இல்லை என்றானதும் பட்டினிக்குக் காரணமும் குறைந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உடம்பைக் காப்பாற்ற மனவுறுதி மட்டும் போதாது. சில வேளை விதியையும் மாற்ற வேண்டும்.

இனி, தொலைக்காட்சி அதிகம் காட்டாத ஆட்களிடம் வருவோம். நான் அணியில் சேர்ந்தபோது சாரதிகளின் கழுத்தைப் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். போய் மூன்று நாட்களுக்குள் எனக்கு விளங்கியது, அங்கே கூடுதலாக உடம்பு நொந்தவர்கள் மெக்கானிக்மார் என்று.

சாரதிக்கு ஒரு விதி இருக்கிறது. எந்த ஆறு மணி நேரத்தை எடுத்தாலும் அதில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. 24 மணி நேரத்தில் மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சில்லு மாற்றுகிறவருக்கு எங்கள் கொட்டகையில் அப்படியொரு கணக்கு இருக்கவில்லை. லு மானில் புதன், வியாழன் இரவுகளில் நள்ளிரவு வரை ஒத்திகை ஓட்டம். வெள்ளிக்கிழமை சாரதிகள் நகரத்தில் ஊர்வலம் போவார்கள். மெக்கானிக்மார் காரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டுவார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழும்பியவர் ஞாயிறு பின்னேரம் போட்டி முடிந்து, சாமான்களைக் கட்டி லொறியில் ஏற்றிய பிறகுதான் படுப்பார். 36 மணி நேரம். இடையிடையே ரயர் அடுக்கின்மேலும் பிளாஸ்டிக் கதிரையிலும் தலைக்கவசத்தோடு கண்ணயர்வார்கள். அழைப்பு வந்தால் துள்ளி எழும்பிக் குந்தியிருந்து ஒரு சில்லைக் கழற்றி, இன்னொன்றைத் தூக்கிப் பூட்ட வேண்டும். நித்திரையில் விறைத்துப்போன முதுகு, ஒரு செக்கனில் முழுப் பாரத்தையும் எடுக்கும். இருபது சொச்சம் தடவை.

இங்கிலாந்தின் தொழில் பாதுகாப்பு வழிகாட்டலில் ஒரு படம் உண்டு. இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குவதானால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. அதே பொருள் நிலத்தில் இருந்தால் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 7. கையை நீட்டித் தூக்கினால் 5, 3 என்று இறங்கிவிடும். பாரம் அல்ல, பாரம் இருக்கும் இடம்தான் நாரியை முறிக்கிறது. வீட்டில் காஸ் சிலிண்டரை மாற்றும்போது இந்தப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக் கிலோ காஸ் என்பது உள்ளே இருப்பது மட்டும். இரும்பின் நிறை வேறு. அதை நிலத்திலிருந்து, உடம்பைத் திருப்பியபடி தூக்குகிறோம். லு மானில் அப்படித் தூக்க ஒருவரையும் விடமாட்டேன்.

இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட நேரம் எல்லா அணிகளும் பயப்படும் நேரம். எங்கள் உடம்புக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அது அந்த நேரத்தில் உடற்சூட்டைக் குறைத்து, "படு" என்கிறது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குக் கையில் எழுதி வைத்தது போல் மனதில் இருக்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் செயற்றிறனுக்கு ஒப்பாகும். 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதம். இங்கிலாந்தில் 0.08இல் வாகனம் ஓட்டத் தடை. குடித்துவிட்டு வந்தால் வேலையை விட்டு நிறுத்துவோம். நித்திரை கொள்ளாமல் வந்தால் கடமையுணர்ச்சி என்று பாராட்டுவோம்.

இந்தப் பாராட்டுக்கு லு மானில் ஒரு பழைய கதை உண்டு. 1952இல் பியர் லெவே என்ற பிரெஞ்சுச் சாரதி, கூட வந்தவருக்குக் காரைக் கொடுக்க மறுத்து, தனியொருவராக ஏறக்குறைய 23 மணி நேரம் ஓட்டினார். பல சுற்றுகள் முன்னணியில் இருந்தார். கடைசி மணித்தியாலத்தை அண்மித்தபோது இயந்திரம் உடைந்தது. களைப்பில் கியரைப் பிழையாகப் போட்டார் என்று பலர் சொல்வார்கள். இயந்திரத்தில் முன்பே பழுது இருந்தது என்போரும் உண்டு. எதுவானாலும், பக்கத்தில் ஓய்வெடுத்த ஒருவர் ஆயத்தமாக நிற்க, கார் அவர் கைக்குப் போகவேயில்லை.

இரண்டாவது கதை இந்தக் கல்லூரியில் கட்டாயம் சொல்ல வேண்டியது. பெண்கள் லு மானில் ஆரம்ப காலத்திலேயே ஓட்டியிருக்கிறார்கள். 1930இல் மார்கரித் மரூஸ், ஒடெத் சிக்கோ என்ற இருவர் ஏழாம் இடத்தில் வந்தார்கள். 1932இல் ஒடெத் சிக்கோ நான்காம் இடத்தில் வந்தார். பிறகு 1956 ஜூன் 30ஆம் திகதி, ரெய்ம்ஸ் நகரில் நடந்த 12 மணி நேரப் போட்டியில் ஆனி பூஸ்கே என்ற சாரதி கார் கவிழ்ந்து இறந்தார். ஜேர்மனியிலிருந்த தொழிற்சாலையிலிருந்து இரவிரவாகக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, நித்திரை கொள்ளாமலே முதல் முறையையும் தான்தான் ஓட்டுவேன் என்று நின்றார் என அக்கால விபரங்கள் சொல்கின்றன. அதன்பின் லு மான் அமைப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்கள் போட்டியிடுவதைத் தடை செய்தார்கள். 1971 வரை அந்தத் தடை இருந்தது.

லெவேயும் நித்திரை கொள்ளவில்லை. அவர் தோற்றபோது ஆண்களை ஒருவரும் தடை செய்யவில்லை. ஆனி பூஸ்கே இறந்தபோது, தடை செய்ய வேண்டிய களைப்பை விட்டுவிட்டுப் பெண்களைத் தடை செய்தார்கள். களைப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அது குணக்குறைபாடும் அல்ல. பாரத்தைப் போல, சூட்டைப் போல, அளந்து பகிர வேண்டிய ஒரு சுமை.

இதை இவ்வளவு திருத்தமாகச் சொல்கிறேனே, நான் இதை எப்படிப் படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் மூன்றாவது லு மான். இரவு இரண்டு மணியிருக்கும். சில்லு மாற்றும் மெக்கானிக் ஒருவர், முப்பத்துநான்கு வயது, இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன், என்னிடம் வந்தார். நாரி நோகிறது என்றார். இடது கால் வழியே பாதம் வரை விறைக்கிறது என்றார். நான் அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலை மேலே உயர்த்தச் சொன்னேன். வலது காலைவிட இடது கால் பலம் குறைவு. முள்ளந்தண்டுத் தட்டு நரம்பை அழுத்துகிறது என்று விளங்க எனக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. வைத்தியசாலையில் என்றால் அந்த நிமிடமே பாரம் தூக்கத் தடை எழுதியிருப்பேன்.

நான் பொறுப்பாளரிடம் போனேன். "மாற்றுக்கு ஆளில்லை. சமாளிக்க முடியுமா என்று கேட்டுப் பார்" என்றார். அவரிடமே கேட்டேன். "எனக்கு ஒன்றுமில்லை, கட்டிவிடு" என்றார். நான் கட்டிவிட்டேன். தன்னிடமிருந்த வலிக் குளிசையை அவர் போட்டுக்கொண்டு போனார். நாங்கள் அப்போது எங்கள் பிரிவில் மூன்றாம் இடத்தில் இருந்தோம். என் மனதிலும் அந்த மூன்றாம் இடம் இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

காலை ஒன்பது மணிக்குக் கார் உள்ளே வந்தது. அவர் குனிந்து சில்லை இழுத்தார். பிறகு நிமிரவில்லை. சத்திரசிகிச்சை செய்தார்கள். வலி போய்விட்டது; பாதத்தின் பலம் முழுதாகத் திரும்பவில்லை. அவர் மறுபடி அந்தக் கொட்டகையில் வேலை செய்யவில்லை. இப்போது உதிரிப்பாகக் களஞ்சியத்தில் இருக்கிறார். ஒரு முறை அவரைப் பார்க்கப் போனபோது நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படாமல் சொன்னது இது: "நீ நிற்கச் சொல்லியிருந்தாலும் நான் நின்றிருக்க மாட்டேன். ஆனால் நீ சொல்லியிருக்க வேண்டும்."

அன்றிரவு எனக்கு எங்கள் உடற்கல்வி ரீச்சர்தான் நினைவுக்கு வந்தார். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அஞ்சலோட்டத்துக்கு எங்களைப் பழக்கும்போது, மூன்றாவதாக ஓடுகிற நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, எல்லைக் கோட்டையும் தாண்டிப் போய்த்தான் கோலைக் கொடுப்பேன். ரீச்சர் சொல்லுவா: "நீ கெட்டிக்காரிதான் பிள்ளை. ஆனால் கோலைக் குடுக்கத் தெரியாத கெட்டிக்காரியால எங்கட இல்லத்துக்கு ஒரு புள்ளியும் வராது." அந்தச் சொல்லின் அர்த்தம் விளங்க எனக்கு முப்பது வருடம் எடுத்தது.

அடுத்த ஆண்டு அணிக்குத் திரும்பமாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு சில நிபந்தனைகளோடு போனேன். அவற்றை ஒப்புக்கொள்ளவைக்க இரண்டு வருடம் எடுத்தது.

முதலாவது, எல்லாருடைய வேலை நேரமும் ஓய்வு நேரமும் கொட்டகைச் சுவரில் எழுதப்படும். பொறுப்பாளரின் பெயரும் அதில் இருக்கும். இரண்டாவது, சில்லு மாற்றப் பழகிய மேலதிக ஆட்கள் இருவர். யாராவது "என்னால் இயலவில்லை" என்றால் காரணம் கேட்கப்படாது, கை மாறும். முதல் வருடம் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. பொறுப்பாளரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்ப் படுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் வந்தது. மூன்றாவது, முறை வைத்து 20 நிமிட நித்திரை. படுக்க முன் ஒரு சின்னக் கோப்பி. கோப்பி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும், எழும்பும்போது இரண்டின் பலனும் கிடைக்கும். எழும்பியதும் பாரம் தூக்குவதில்லை. ஐந்து நிமிடம் நடந்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கிப் பழகிய பிறகுதான் சில்லுக்குப் போகலாம்.

நான்காவது சாப்பாடு. உருளைக்கிழங்குப் பொரியலும் சக்திப் பானமும்தான் முன்பு இரவுச் சாப்பாடு. நான் பருப்புச் சூப்பும் சோறும் தயிரும் கொண்டு போனேன். ஒரு வருடம் பரீட்சித்துப் பார்க்க ரசமும் வைத்தேன். இப்போது இரவு மூன்று மணிக்கு, உயர்ந்த வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று மிளகுத் தண்ணீர் கேட்பதை என் அம்மா பார்த்தால் சந்தோசப்படுவா.

ஐந்தாவது காது. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் இருப்பதும், 88 டெசிபெல்லில் நான்கு மணி நேரம் இருப்பதும் காதுக்கு ஒன்றுதான். மூன்று கூடினால் நேரம் பாதியாகும். காருக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கு நிமிடங்களில் முடிந்துவிடும். போட்டி முடிந்து காதுக்குள் வண்டு இரைகிறது என்றால், அது காது கொடுக்கும் எச்சரிக்கை. ஆகவே செவியடைப்பான் இல்லாமல் ஒருவரும் கொட்டகைக்குள் வருவதில்லை.

பெரிய போட்டிகளும் இப்படித்தான் மெல்ல மெல்லப் படித்திருக்கின்றன. போர்முலா வன் 1950இல் ஏழு போட்டிகளோடு தொடங்கியது. 2024இல் 24 போட்டிகள். மெக்கானிக்மார் இரவிரவாக வேலை செய்வதைத் தடுக்க, 2011இல் இரவு வேலைத் தடை நேரம் கொண்டுவந்தார்கள். ஓகஸ்ட் மாதத்தை ஒட்டி இரண்டு வாரம் தொழிற்சாலைகளை மூட வேண்டும். போட்டி அணிகள் தாமாக ஓய்வெடுக்கா. ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் முந்துவார். எல்லாருக்கும் ஒரே விதி என்றால்தான் எல்லாரும் படுப்பார்கள்.

இன்னொரு விடயம். இப்போது அணிகளில் பெண் பொறியியலாளர்களும் மெக்கானிக்மாரும் கூடி வருகிறார்கள். ஒரு வருடம் கடும் வெயிலில் ஓர் இளம் பொறியியலாளருக்குத் தலைச்சுற்று. விசாரித்தால், காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஏன்? மலசலகூடம் தூரம், போய் வரப் பதினைந்து நிமிடம், அத்தனை ஆண்களுக்கு நடுவில் அடிக்கடி எழும்பிப் போகக் கூச்சம். நான் சிரித்துவிட்டேன். நாங்கள் இங்கே படித்தபோது, காலையில் நிறைத்துக்கொண்டு வந்த தண்ணீர்ப் போத்தலைப் பின்னேரம் நிறைவாகவே வீட்டுக்குக் கொண்டு போவோம். காரணம் இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். உடல் நிறையில் இரண்டு சதவீத நீர் குறைந்தாலே செயற்றிறன் குறையத் தொடங்கும்; 50 கிலோ பிள்ளைக்கு அது ஒரு லீற்றர். கணிதப் பாடத்தில் கவனமில்லை என்று ஏச முன் அந்தப் போத்தலையும் பார்க்க வேண்டும். சங்கம் நூற்றாண்டு நினைவாக என்ன கட்டலாம் என்று யோசிப்பதாக அறிந்தேன். வளைவும் சிலையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன் மாணவிகள் விருப்பத்தோடு போகக்கூடிய மலசலகூடங்களும் நல்ல தண்ணீரும் என்பது என் விண்ணப்பம்.

இனி, என் வகுப்புத் தோழிகளுக்கு. நேற்று மாலை நாங்கள் பதினொரு பேர் ஒரு வீட்டில் கூடினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு எங்கேயோ ஒரு நோ. நாரி, தோள், முழங்கால். "வைத்தியரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டேன். ஒருவருக்கு மாமியாரைப் பார்க்க ஆளில்லை. ஒருவருக்கு மகளின் பரீட்சை. ஒருவர் கனடாவில் இரண்டு வேலை. எல்லாரும் ஒரே குரலில், "எனக்கு ஒன்றுமில்லை, சமாளிப்பன்" என்றார்கள். அந்த மெக்கானிக் சொன்னதும் அதுவேதான்.

ஆகவே அன்று இரவு அவரிடம் சொல்லத் தவறியதை இன்று உங்களிடம் சொல்கிறேன். கேட்பதும் கேளாமல் விடுவதும் உங்கள் விருப்பம். சொல்ல வேண்டியது என் கடமை.

நாரி நோவோடு கால் விறைப்போ பலக்குறைவோ வந்தால், அது வெறும் பிடிப்பு அல்ல, உடனே காட்டுங்கள். தொடைகளின் இடைப்பகுதி விறைத்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குப் போங்கள். நாளைக்கு என்று வைக்க வேண்டாம். பாரத்தைத் தூக்க முன் உயரமான இடத்துக்குக் கொண்டுவர வழி தேடுங்கள்; அரிசி மூட்டையை நிலத்தில் வைக்காமல் ஒரு பலகையில் வையுங்கள். வெயிலில் வேலை செய்தால் மோரோ உப்புக் கஞ்சியோ குடியுங்கள். சிறுநீரக, இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மட்டும் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். சாரதிகளுக்கு நான் கொடுக்கும் கழுத்துப் பயிற்சி மிகச் சுலபம். உள்ளங்கையைக் காதுக்கு மேலே வைத்துத் தலையால் கையைத் தள்ளுங்கள், கை விட்டுக்கொடுக்கக் கூடாது, தலையும் அசையக் கூடாது. ஐந்து எண்ணும்வரை. இரு பக்கமும், முன்னும், பின்னும். நோ வந்தால் நிறுத்துங்கள். தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் நேரம் போதும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, கோலைக் கொடுக்கப் பழகுங்கள். வீட்டில் யார் யார் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்று ஒரு கிழமைக்குத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் கொட்டகையில் செய்ததுதான். உங்கள் பெயருக்கு நேரே உள்ள கோடு எல்லாவற்றிலும் நீளமாக இருந்தால், அதைப் பிள்ளைகளும் வீட்டுக்காரரும் பார்க்கட்டும். ஒருவரும் கேட்காமல் கோல் கை மாறாது. கேட்பது தோல்வி அல்ல.

என் அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. முன்வரிசையில் இருக்கிறா. அம்மா, கார் ஓடுறவைக்கும் நோகும். அவையளுக்குப் பின்னால நிக்கிறவைக்கு இன்னும் கூட நோகும். நீங்கள் எங்கள் ஐந்து பேரையும் வளர்த்த காலத்தில் உங்களுக்கு எங்கே நொந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நேற்றிரவுதான் நான் கேட்டேன். "இப்பவாவது கேட்டியே" என்று முழங்காலைக் காட்டினா. நாளை காலை அதைப் பார்க்கப்போகிறேன்.

என்னை ஓடவும் கோலைக் கொடுக்கவும் பழக்கிய கல்லூரிக்கு என் நன்றி. நூறு ஆண்டுகளாக இங்கே கை மாறி வந்த கோல் இனிவரும் மாணவிகளின் கைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரட்டும்.

 இந்த முறை முடித்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.